நன்றி டைரி ஏன் வறண்டுபோகிறது? பால் பாக்கெட்டிலிருந்து பின்னோக்கிப் போகும் ஒரு பயிற்சி

கேள்வி: "நன்றியுணர்வு டைரி எழுதத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. தினமும் மூன்று விஷயம் எழுதச் சொன்னார்கள். இப்போது 'குடும்பம், ஆரோக்கியம், வேலை' என்று கை தானாக எழுதுகிறது. மனதில் ஒன்றும் அசையவில்லை. அன்றாடம் நமக்குக் கிடைக்கும் நல்லவற்றுக்குப் பின்னால் இருப்பவர்களிடம் உண்மையான நன்றி வருவதற்கு எப்படிப் பழகுவது?"

நீங்கள் எழுதும் மூன்றிலும் ஆள் இல்லை. செயல் இல்லை, நேரம் இல்லை. 'ஆரோக்கியம்' என்று எழுதிவிட்டு யாரைப் பார்த்து நன்றி சொல்வது? கிடைத்த பொருளோடு மனம் நின்றுவிடுகிறது, கொடுத்த கை வரை போவதே இல்லை. டைரி வறண்டதற்கு முதல் காரணம் அதுதான். உங்கள் மனம் கல்லாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இரண்டாவது காரணம் 'தினமும்' என்ற விதி. நன்றிப் பட்டியல் பற்றி அதிகம் பேசப்படும் ஆய்வு, 2003-இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா இருவரும் வெளியிட்டது. அதன் முதல் பகுதியில் வாரத்துக்கு ஒரு முறைதான், ஐந்து விஷயம் வரை, பத்து வாரம் எழுதச் சொன்னார்கள். சோன்யா லியுபோமிர்ஸ்கியின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் வாரத்துக்கு ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அடிக்கடி செய்தால் கடமையாகிவிடுகிறது, கடமையானதும் கவனம் போய்விடுகிறது. ஆகவே தினசரி டைரியை இன்றே நிறுத்திவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள், இருபது நிமிடம், ஒரே ஒரு பொருள் போதும்.

அந்த இருபது நிமிடத்தில் செய்ய வேண்டியது இது. அன்று நீங்கள் பயன்படுத்திய, கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மகிழ்ச்சி, வாய்ப்பு மாதிரியானவை வேண்டாம். பால் பாக்கெட், சட்டை, மாத்திரை அட்டை, உப்பு டப்பா என்று தொட்டுப் பார்க்க முடிந்தது வேண்டும். 'இது யார் கையிலிருந்து என் கைக்கு வந்தது?' என்று கேட்டு, வந்த வழியில் பின்னோக்கி ஐந்து கை எழுதுங்கள். ஒவ்வொரு கைக்கும் மூன்று குறிப்பு போடுங்கள்: அவர் செய்த வேலை, அந்த வேலை நடந்த நேரம், அதனால் அவர் உடம்பில் எந்தப் பாகம் வலித்திருக்கும். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு நிறுத்திவிடுங்கள். கற்பனையால் நிரப்பாதீர்கள். அந்தக் கேள்விக்குறிதான் அடுத்த வாரத்தின் வேலை: கடைக்காரரிடம் கேட்கலாம், பாக்கெட்டின் பின்பக்கம் படிக்கலாம். பாக்கெட் உணவு எதுவானாலும் தயாரித்தவர் அல்லது பொதி செய்தவரின் முகவரியும் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அச்சிட்டிருக்கும். ஊர்ப்பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், மனதுக்குப் பிடிமானம் வந்துவிடும்.

பாலையே எடுத்துப் பார்ப்போம். காலையில் வாசலில் கிடக்கும் நீல பாக்கெட் சமன்படுத்திய பால், அதாவது 3 சதவீதம் கொழுப்பு, 8.5 சதவீதம் கொழுப்பற்ற திடப்பொருள் (தண்ணீரும் கொழுப்பும் போக பாலில் மிஞ்சும் சத்து). அதைப் போட்டுவிட்டுப் போனவர் முதல் கை. நீங்கள் தூங்கும்போது, தெருநாய் குரைக்கும் இருட்டில் படியேறியவர். அவருக்கு முன்னால் லாரியில் பெட்டி பெட்டியாக ஏற்றி இறக்கியவர்கள். அதற்கும் முன்னால் பால் பண்ணை: 72 டிகிரி செல்சியஸில் பதினைந்து விநாடி சூடாக்கி உடனே குளிரவைத்து பாக்கெட்டில் அடைக்கும் இரவு ஷிப்ட். அதற்கும் பின்னால் கிராமத்துப் பால் சொசைட்டி.

இந்த சொசைட்டியில் கொஞ்சம் நின்று பாருங்கள், விஷயம் இங்கேதான் அடர்த்தியாக இருக்கிறது. பொழுது விடியும் முன் கறந்த பாலோடு உறுப்பினர்கள் வரிசையில் நிற்பார்கள், பெரும்பாலும் பெண்கள். அளந்து ஊற்றியதும் ஒவ்வொருவர் பாலிலும் சின்ன அளவு மாதிரி எடுத்து, கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் பார்ப்பார்கள். திரையில் வரும் அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் லிட்டருக்கு விலை. வெயில் ஏறி பசுந்தீவனம் குறைந்தால் கறவை குறையும், திடப்பொருளும் இறங்கும். அதே உழைப்புக்குக் குறைந்த காசு. கறந்த பாத்திரத்தில் பழைய பால் ஒட்டியிருந்தாலோ, கொண்டுவரத் தாமதமானாலோ பால் புளித்துப்போய்த் திருப்பி அனுப்பப்படும். மடிநோய் வந்தால் அந்தக் காம்புப் பாலைச் சேர்க்க முடியாது, மருந்து ஊசி போட்டால் அது உடம்பிலிருந்து நீங்கும் வரை மாட்டுப் பாலையே ஊற்றக் கூடாது. மருத்துவச் செலவு வேறு. மாட்டுக்கு ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது. காலையும் மாலையும் கறந்தே ஆக வேண்டும், கறப்பவர் காய்ச்சலில் படுத்திருந்தாலும்.

அதற்கும் பின்னால் இருப்பது மாடு. ஒன்பது மாதத்துக்கும் கொஞ்சம் அதிகமாகச் சினை சுமந்து ஈன்ற பிறகுதான் அந்தப் பால். கன்றுக்கு என்று ஊறியதில் ஒரு பங்குதான் நம் டம்ளரில் இருக்கிறது. இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கும். அப்படி நிற்கும் இடத்துக்கு வந்து சேர்வதற்குத்தான் இந்தப் பயிற்சி.

ஐந்து கைக்கு மேல் போக வேண்டாம். டிராக்டர் டீசல், ரப்பர் டயர், சூரியன் என்று நீட்டிக்கொண்டே போனால் எல்லாமும் எல்லாவற்றோடும் சேர்ந்துவிடும். யார் முகமும் நிற்காது. 'இந்தப் பிரபஞ்சத்துக்கே நன்றி' என்று முடிப்பது சுலபம், ஆனால் 'குடும்பம், ஆரோக்கியம்' போலவே அதுவும் வெறும் சொல்லாகிவிடும்.

எழுதியும் மனம் அசையவில்லை என்றால் கழித்துப் பார்ப்பது உதவும். 2008-இல் மின்கியுங் கூவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், தன் துணையைச் சந்தித்த கதையை எழுதியவர்களைவிட, அவரைச் சந்திக்காமலே போயிருக்க எப்படியெல்லாம் வாய்ப்பு இருந்தது என்று எழுதியவர்களுக்கு உறவில் நிறைவு கூடியது. நடந்துவிட்டதை மனம் 'எப்படியும் நடந்திருக்கும்' என்று எடுத்துக்கொள்கிறது. அதைக் கழித்தால்தான் அது தற்செயல் என்பதும், யாரோ செய்ததால் கிடைத்தது என்பதும் தெரிகிறது. ஆகவே ஒரு வரி: 'இந்த ஐவரில் மூன்றாமவர் நேற்று வராமல் இருந்திருந்தால் இன்று காலை என்ன ஆகியிருக்கும்?'

பொருளிலிருந்து மனிதருக்கு வருவோம். அம்மா, அப்பா, அண்ணன், மனைவி, பழைய வாத்தியார் என்று நெருங்கியவர்களுக்கு இந்த ஐந்து கைக் கணக்கு சரிவராது. அதற்கு ஜப்பானில் நைக்கான் என்று ஒரு முறை இருக்கிறது. யோஷிமோட்டோ இஷின் (1916–1988) என்ற தொழிலதிபர் உருவாக்கியது. ஜோதோ ஷின்ஷு பௌத்தத்தில் சோறு, தண்ணீர், தூக்கம் இல்லாமல் தன்னைத்தானே ஆராயும் கடுந்தவம் ஒன்று இருந்தது. அவர் அதிலிருந்த கடுமையை எடுத்துவிட்டு எல்லோரும் செய்யும்படி மாற்றினார். ஜப்பானியச் சிறைகளிலும் இது பயன்பட்டது. முழு வடிவம் ஒரு வாரம்: அறை மூலையில் மடிப்புத் தட்டிக்குப் பின்னால் விடியற்காலை முதல் இரவு வரை தனியே உட்கார்ந்து, பெரும்பாலும் தாயில் தொடங்கி, வாழ்க்கையைச் சில வருடத் துண்டுகளாகப் பிரித்து மூன்று கேள்விக்குப் பதில் தேட வேண்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வழிகாட்டி வந்து கேட்டுவிட்டுப் போவார். விமர்சிக்க மாட்டார்.

கேள்விகள் இவை: இவரிடமிருந்து நான் என்ன பெற்றேன்? இவருக்கு நான் என்ன திருப்பிக் கொடுத்தேன்? இவருக்கு நான் என்ன தொந்தரவு கொடுத்தேன்? 'இவர் எனக்கு என்ன தொந்தரவு கொடுத்தார்' என்பது வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. யாரும் சொல்லித்தராமலே அதை நாம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

வீட்டில் இதை அரை மணி நேரத்தில் செய்யலாம். ஒரு ஆள், வாழ்க்கையின் ஒரு துண்டு, உதாரணமாக நீங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படித்த காலம். பலர் சறுக்குவது முதல் கேள்வியிலேயே. 'அம்மா பாசமாக இருந்தார்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. 'எனக்கு அம்மை போட்டிருந்தபோது பத்து நாள் வேப்பிலையோடு பக்கத்திலேயே படுத்திருந்தார்' என்று எழுதுங்கள். கேமராவில் படம் பிடிக்க முடிகிற செயல் மட்டும். நைக்கானில் வளர்ப்புச் செலவைக் கணக்குப் போடும் பயிற்சியும் உண்டு. அதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள்: வருடம் சுமார் 200 பள்ளி நாள், பன்னிரண்டு வருடம் என்றால் 2,400 டிபன் பாக்ஸ். கட்டியது எத்தனை, கழுவியது எத்தனை? இரண்டாவது கேள்வியின் பக்கம் பெரும்பாலும் காலியாக இருக்கும். இருக்கட்டும், நிரப்பத் துடிக்க வேண்டாம். மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்கிறது இந்த முறை, மொத்தத்தில் பாதிக்கு மேல்.

இங்கே கண்டிப்பாக ஒரு எச்சரிக்கை. உங்களை அடித்தவர், பாலியல் தொல்லை கொடுத்தவர், இன்னும் பயமுறுத்துகிறவர் பற்றி இதைச் செய்யாதீர்கள். வேறு ஆளை எடுங்கள். மன அழுத்தத்தில் இருக்கும்போது மூன்றாவது கேள்வி தன்னையே குற்றம் சாட்டும் கத்தியாகிவிடும். அந்தக் காலத்தில் அதை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நன்றிப் பயிற்சி சிகிச்சைக்கு மாற்று இல்லை.

எழுதுவதோடு நின்றால் இதுவும் சில மாதத்தில் வறண்டுவிடும். பெற்றதை உணர்ந்த மனம் எதையாவது திருப்பிக் கொடுக்கத் தேடும். அதற்கு வழி வைக்காவிட்டால் உணர்வு குற்றவுணர்ச்சியாகத் திரும்பிவிடும். நான்கு வாரத்துக்கு ஒரு முறையாவது, எழுதிய ஐந்து கைகளில் ஒன்றுக்கு ஏதாவது செய்யுங்கள். சின்னதாக இருக்கலாம், ஆனால் அவருடைய வேலையின் சுமையை நிஜமாகவே குறைப்பதாக இருக்க வேண்டும்.

பாலுக்குத் திருப்பிக் கொடுப்பது எப்படி? வீட்டுக்கு வந்து ஊற்றும் பால்காரர் என்றால் ஊருக்குப் போவதை முந்தின நாளே சொல்லுங்கள், கணக்கை மாத முதல் வாரத்திலேயே தீர்த்துவிடுங்கள். பாக்கெட் என்றால் மூலையை முழுக்க வெட்டி எடுக்காமல் ஒட்டியபடியே விட்டு, கழுவி, மக்காத குப்பையில் சேருங்கள். தனியாக விழும் அந்தச் சின்ன முக்கோணம் யார் கையிலும் சிக்காமல் சாக்கடைக்குப் போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: மிச்சச் சோற்றை, காய்கறித் தோலைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுத் தெருவில் வைக்காதீர்கள். மாட்டால் முடிச்சை அவிழ்க்க முடியாது, வாசனைக்கு இழுபட்டுப் பையோடு விழுங்கும். பிளாஸ்டிக் அசையிரைப்பையில் செரிக்காமல் தங்கி உருண்டையாகச் சேரும். வயிறு உப்பி, தீனி எடுக்காமல் மெலியும். அதிகமாகச் சேர்ந்துவிட்டால் விலாப்பக்கத்தைக் கிழித்து அறுவை செய்துதான் எடுக்க வேண்டும். காலையில் அதன் பாலைக் குடித்துவிட்டு மாலையில் அதன் வயிற்றுக்குள் பையை அனுப்புவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது, மேலே சொன்ன ஐந்து கையையும் எழுதிப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

தண்ணீருக்கு வேறு மாதிரி. சென்னைக் குழாயில் வருவது செம்பரம்பாக்கத்திலிருந்தோ, கடலூர் மாவட்டத்து வீராணத்திலிருந்தோ, ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே பூண்டிக்கு வந்தோ சேர்ந்ததாக இருக்கலாம். அவ்வளவு தொலைவிலிருந்து வாங்குகிற நகரம் தன் மாடியில் விழுவதையாவது மண்ணுக்குத் திருப்ப வேண்டும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானது. கட்டிய பிறகு யாரும் திறந்து பார்க்காததால் பல குழிகளில் தண்ணீர் இறங்குவதில்லை: மேல் மணலில் வண்டல் படிந்து ஓடு மாதிரி இறுகிவிடுகிறது. செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், மொட்டைமாடியைப் பெருக்குங்கள், குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா பாருங்கள். குழியின் மேல் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பெரிய கல் கீழே, சிறியது நடுவில், மணல் மேலே என்று திரும்பப் போடுங்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து உள்ளே திருப்புங்கள்.

தூய்மைப் பணியாளருக்கு, அவருடைய விரல்களைக் காப்பதுதான் நன்றி. உடைந்த கண்ணாடியை நான்கைந்து மடிப்பு செய்தித்தாளில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே பெரிதாக 'கண்ணாடி' என்று எழுதித் தனியே கையில் கொடுங்கள். பிளேடு, ஊசியை மூடியுள்ள டப்பாவில் சேர்த்துவையுங்கள். நாப்கினை, டயாப்பரைப் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள்; சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டது. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி கொடுத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் ஒரே பையில் கலந்து கட்டிக் கொடுத்தால் அவர் கை கிழியத்தான் செய்யும்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா விஷயத்தில் இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பழைய புடவையும் 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்ற பேச்சும் நன்றி ஆகாது. வார விடுமுறை, சொன்ன தேதியில் சம்பளம், நாம் ஊருக்குப் போன நாட்களுக்குப் பிடித்தம் இல்லை, இதுதான் தொடக்கம். வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய ஆவணங்களைத் தேடிக் கொடுத்து உதவுங்கள். தனி டம்ளர் வைத்திருந்தால் இன்றே அதை எடுத்துவிடுங்கள். அந்த டம்ளர் அடுப்படியில் இருக்கும்வரை மேலே சொன்ன எந்தப் பயிற்சியும் பொய்தான்.

வாயால் சொல்லும் நன்றிக்கும் பழக்கம் வேண்டும். மொட்டையாக 'தேங்க்ஸ்' சொல்வது நம் வீடுகளில் பலருக்குக் கூச்சம், அம்மாவிடம் சொன்னால் 'என்னடா ஆச்சு உனக்கு' என்பார். அதனால் அவர் செய்ததைத் திருப்பிச் சொல்லுங்கள்: என்ன செய்தார், எப்போது, அதனால் நமக்கு என்ன ஆயிற்று. 'அண்ணே, நேத்து அவ்வளவு மழையிலயும் பேப்பரைக் கவர்ல சுத்திப் போட்டிருந்தீங்க, பார்த்தேன். ஒரு பக்கம்கூட நனையல.' அவ்வளவுதான். அதோடு சேர்த்து வேறு வேலை எதுவும் கேட்காதீர்கள், சேர்த்தால் முழுவதும் முன்னுரையாகிவிடும். தூரத்தில் இருப்பவருக்குக் கடிதமோ வாட்ஸ்அப் குரல் பதிவோ போதும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரின் 2018 ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று அதிகமாகவும், எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்று குறைவாகவும் கணித்திருந்தார்கள். உங்கள் தயக்கமும் அதே தப்புக் கணக்காகத்தான் இருக்கும்.

மூன்று இடத்தில் இந்தப் பயிற்சி திசைமாறும். ஒன்று, 'இல்லாதவர்களைப் பார், நமக்கு எவ்வளவோ பரவாயில்லை' என்று ஒப்பிடுவது; அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து வரும் ஆறுதல் நன்றியில் சேராது. இரண்டு, இரக்கம். உப்பளத்தில் விடியும் முன்பே இறங்கி, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண் கூச, உப்புநீரில் கால் வெடிக்க வேலை செய்பவர் உங்களுக்கு ஒரு பொருளைக் கொடுத்தவர். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லாமல் அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று தெரிந்துகொள்வது நல்லது; 'ஐயோ பாவம்' என்பதோடு அவரை முடித்துவிடுவது அவரைச் சிறுமைப்படுத்துவது. மூன்று, நன்றியைக் காட்டி உரிமையைப் பறிப்பது. 'வேலை கொடுத்ததற்கு நன்றியோடு இரு' என்று முதலாளி சொல்லும்போது ஓவர்டைம் காசைக் கேட்பது நன்றிகெட்டதனம் இல்லை. அப்பா படிக்கவைத்தார் என்பதற்காக அவர் பார்க்கும் வரனுக்குத் தலையாட்ட வேண்டும் என்பதும் இல்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு.

கடைசியாக, கொடுத்தவர் யாரென்றே தெரியாத நன்மைகள். உங்கள் வீட்டில் யாருக்காவது பிரசவத்திலோ, விபத்திலோ, டெங்குவிலோ ரத்தம் ஏற்றியிருந்தால், கொடுத்தவர் பெயரை நீங்கள் அறியப்போவதில்லை. அங்கே நன்றி சொல்ல இருக்கும் நேர்வழி, வாங்கிய இடத்தை நிரப்புவது. 18 வயதுக்கு மேல், 65-க்குள், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருந்தால் கொடுக்கலாம். 350 மில்லி எடுப்பார்கள், எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 வரை. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். பிரிக்கப்பட்ட தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும், அதனால் தலைவர் பிறந்தநாள் முகாமில் ஒரே நாளில் குவிவதைவிட, கூட்டமில்லாத சாதாரண நாளில் அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்கு நேரே போவது அதிகம் உதவும். வெறும் வயிற்றில் போகாதீர்கள். சாப்பிட்டு, போகும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். இதைச் செய்தால் தலைசுற்றல் வரும் வாய்ப்பு குறையும். படிவத்தில் சமீபத்திய காய்ச்சல், மாத்திரை, பச்சை குத்தியது எதையும் மறைக்காமல் எழுதுங்கள். எடுத்து முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்திருங்கள், அன்று முழுக்க அந்தக் கையால் கனமானதைத் தூக்க வேண்டாம்.